பங்கு வைத்த மாத்திரைகள்

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே தனசேகரன் சித்தப்பா வந்து நின்றார். அலோன் கப்பல் துறையில் அப்பாவின் கேங்கில் மூட்டை சுமப்பவர். வேலை நாளில் அந்த நேரத்தில் அவர் அங்கே வந்து நிற்க ஒரு காரணம்தான் இருக்க முடியும். தலையில் கட்டும் துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"அம்மாடி பவானி, கையைக் கழுவிட்டு வா."

"அப்பாவா?"

"ம்."

"படுத்திருந்தாரா, இல்ல எழுந்து நடமாடிக்கிட்டு இருந்தாரா?"

என்ன கேள்வி இது என்பது போல அவர் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார்.

"நடந்துதான் வந்தாரு. டீக்கடையில என் பக்கத்துல உக்காந்தாரு. டீ சொல்லிட்டு, என் தொப்பையைக் கேலி பண்ணிக்கிட்டு இருந்தாரு. கப்பு வர்றதுக்குள்ள என் தோள்ல சாஞ்சிட்டாரு. அவ்வளவுதான்."

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

எனக்கு உடனே அழுகை வரவில்லை. நெஞ்சில் இருந்த ஒரு கட்டு அவிழ்ந்து மூச்சு வந்தது. பெற்ற தகப்பன் இறந்த செய்திக்கு மகளுக்கு வர வேண்டியது இதுதானா என்று அந்த நிமிடமே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் 2006ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடித்து, நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இவர் இப்படியே போய்விடுவாரோ என்று அன்று பிடித்த பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. அப்படி நடக்கவில்லை. டீ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அப்பாவின் பெயர் கருப்பையா. துறையில் எல்லோருக்கும் மேஸ்திரி. அவருடைய தகப்பனாரும் அதே துறையில் சுமந்தவர்தான். அப்பா குட்டை, தோள் மட்டும் அகலம். மூட்டை தூக்குகிறவனுக்கு உயரம் ஒரு இடைஞ்சல் என்பார். பர்மிய மொழியில் கணக்குப் போடுவார், தமிழில் திட்டுவார். தூக்கத்தில் எந்த மொழியில் பேசுவார் என்று கேட்டால் என் அம்மா ஜெயம்மா, "குறட்டையில" என்பாள்.

அவருடைய கேங் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குப் போகிற உளுந்தையும் துவரையையும் கப்பலில் ஏற்றியது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்ட பலகையில், முதுகில் மூட்டையோடு ஏறுகிற வேலை. அந்த கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. துறையில் எவனுக்கு எது கிடைத்தாலும் அது பொது. கப்பல் சமையல்காரன் யாராவது ஒருவனுக்கு ஒரு கட்டுச் சிகரெட் கொடுத்தால் அது பொது. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய பருப்பைக் கூட்டி எடுத்துக்கொள்ள கேங்குக்கு உரிமை உண்டு. அதையும் ஒரு நீல எனாமல் பேசினில் கொட்டி, தகர டப்பாவால் அளந்து பங்கு வைப்பார்கள். காய்ச்சலில் வீட்டில் படுத்தவனுக்கும் பங்கு உண்டு. எண்பத்தெட்டில் நாடு முழுக்க நடந்த கிளர்ச்சியில் துறை பல வாரம் அடைந்து கிடந்தபோது, கேங்கின் எல்லா வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் வேகவைத்துத்தான் நாங்கள் பிழைத்தோம். நான் அப்போது பள்ளிப் பிள்ளை. அந்த அண்டாவுக்குப் பிறகு வழக்கம் சட்டமாகிவிட்டது. "பொதுவுல போடு" என்பது, வேறு தமிழ் வாயில் வராத இளவட்டங்களுக்கும் வரும்.

கேங்கில் அப்பாவுக்கு வலது கை ஜாபர் மாமா. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்பா முகத்தைப் பார்த்தே சம்பளம் எப்போது வரும் என்று சொல்லிவிடுவார் அவர். அப்பா அவரை 'பாய்' என்பார்.

2006இல் மழை தொடங்கி ஒரு மாதம் போயிருக்கும். பலகையில் ஏறிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு இடுப்பில் ஒரு வெட்டு வெட்டியது. மூட்டையை ஆற்றில் போடாமல் எப்படியோ கப்பலில் இறக்கிவிட்டார். திரும்பி இறங்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வலி இடுப்பில் தொடங்கி, பின்தொடை வழியாக, கெண்டைக்கால் வழியாக, சுண்டுவிரல் வரை இறங்கியது. "பழுக்கக் காய்ச்சின கம்பிய உள்ள விட்டு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றார். உட்கார முடியாது. நின்றபடி சாப்பிடுவார். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டே பழகிய மனிதர், அடுப்பு மேடையில் தட்டை வைத்துக்கொண்டு குதிரை போல நின்று தின்பதைப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்காது. அவளும் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள்.

வெற்றிலைக் கடைகளில் பல நிற மாத்திரைகளைக் கலந்து சின்னப் பொட்டலமாக விற்பார்கள். மூட்டை சுமப்பவர்களுக்கு அதுதான் வைத்தியம். அப்பா அதையும் தின்று பார்த்தார். வயிறு எரிந்தது, கால் அப்படியே இருந்தது.

இப்படியே செப்டம்பர் பாதி ஆனது. எங்கள் மருத்துவமனையில் அப்போதுதான் டாக்டர் டோ நுவே யீ ஒரு ஆய்வைத் தொடங்கியிருந்தார். முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வருகிற இந்தக் கால்வலிக்கு, சியாட்டிகாவுக்கு, ஸ்டீராய்டை மாத்திரையாக வாயில் கொடுத்தால் பலன் உண்டா என்று பார்க்கிற ஆய்வு. பதினைந்து நாள் மாத்திரை; முதலில் நிறைய, பிறகு படிப்படியாகக் குறைவு. நான் அப்பாவை அழைத்துப் போனேன். அவரோடு, அதே மாதிரி வலி இருந்த தனசேகரன் சித்தப்பாவும் ஜாபர் மாமாவும் கிளம்பினார்கள். கேங்கில் ஒருவன் டாக்டரிடம் போனால் இரண்டு பேராவது கூடப் போவார்கள். இந்த முறை கூடப் போனவர்களும் நோயாளிகள்.

டாக்டர் முதலில் பர்மிய மொழியில் விளக்கினார். ஆய்வில் சேருகிறவர்களுக்கு அவரவர் தாய்மொழியிலும் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அதனால் நான் அதையே தமிழில் சொன்னேன். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு. பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதே போல இருக்கிற, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"யாருக்குத்தான் தெரியும், சயாமா?" என்று அப்பா கேட்டார். இங்கே பெண் டாக்டரை அப்படித்தான் அழைப்போம்; ஆண்களுக்கு மரியாதையாகப் பெயருக்கு முன்னால் 'ஊ', 'கோ' போடுவோம்.

"மிங்கலாடோனில் ஒரு பேராசிரியர் உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார், ஊ கருப்பையா."

"அவருக்குக் கால்வலி இருக்கா?"

"இல்லை."

"அதான் பார்த்தேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "ஒருத்தனுக்குச் சோறு, ஒருத்தனுக்கு உமின்னா, அந்த உமிக்காரன் என்ன பாவம் பண்ணான்?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த வலி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே தணிகிறது. எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்து எல்லோரும் எழுந்துவிட்டால், எழுப்பியது மருந்தா, நாட்களா என்று எப்படித் தெரியும்? மேலும், இந்த மருந்தால் கெடுதலும் உண்டு. பலன் இல்லாத ஒன்றுக்காக அந்தக் கெடுதலை எத்தனை பேர் தலையில் கட்டுவது?

அப்பா பேனாவை வாங்கி, "தெரிஞ்சுக்க வேண்டியதுதான்" என்று கையெழுத்துப் போட்டார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நானும் நினைத்தேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும்தான் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். உமிக்காரன் ஒருவன் இருக்கட்டும் என்பதை அல்ல.

இரத்தப் பரிசோதனையில் ஜாபர் மாமாவுக்குச் சர்க்கரை மிக அதிகம் என்று தெரிந்தது. அதுவரை அவருக்கே தெரியாது. டாக்டர் அவரை ஆய்வில் சேர்க்கவில்லை. "இந்த மருந்து சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும். உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு இது ஆகவே ஆகாது. முதலில் சர்க்கரைக்கு மருந்து தொடங்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் ஜாபர் மாமா, "மேஸ்திரி, நான் ரொம்ப இனிப்பான ஆளாம். கசப்பான ஆளுங்களத்தான் எடுத்துக்குவாங்களாம்" என்று சிரித்தார். மற்ற இருவர் கையிலும் எண் ஒட்டிய குப்பி இருந்தது. அவர் கை வெறுமையாக இருந்தது. திங்கட்கிழமை துவரைக் கப்பல் வந்தது; அவர் வரவில்லை.

அடுத்து நடந்ததை தனசேகரன் சித்தப்பா பிற்பாடு எங்களுக்கு நடித்தே காட்டினார். மறுநாள் மதியம், கிட்டங்கியில், அப்பா மூட்டையில் சாய்ந்து நின்றுகொண்டு நீல பேசினைக் கொண்டுவரச் சொன்னாராம். இரண்டு குப்பிகளையும் அதில் கவிழ்த்தாராம்.

"என்ன மேஸ்திரி இது?"

"உனக்கு மருந்தா மாவான்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. கலந்துட்டா ஆளுக்குப் பாதியாவது மருந்து வரும்ல?"

"சயாமா திட்டுவாங்க."

"கேங்குக்கு வந்தது பொது. பாய், எங்க அந்தப் பக்கம் பாக்கறே? கையை நீட்டு."

"எனக்கு ஆகாதுன்னு சொன்னாங்களே."

"முழு மருந்து ஆகாதுன்னு சொன்னாங்க. உனக்கு வர்றது பங்குதானே?"

மாத்திரைகளை விரலால் கிளறி, பருப்பை அளப்பது போலவே மூன்றாகப் பிரித்திருக்கிறார். யாரும் ஏமாற்றவில்லை. யாரும் எதையும் திருடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது அன்றைக்குச் செய்த மிக நேர்மையான காரியம்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். முன்பைவிட உயரம் போனது. நடக்கச் சொன்னார், நடந்தார். ஜாபர் மாமாவுக்கு இரண்டாம் நாளே வலி ஓடிவிட்டதாம். துறை முழுக்க அதையே பேசிக்கொண்டு திரிந்தார். தனசேகரன் சித்தப்பாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "எனக்கு வந்த பங்குல எல்லாம் மாவுதான் போல" என்று புலம்பினார்.

அந்த ஆண்டு நோன்பு செப்டம்பர் கடைசியில் தொடங்கியது. ஜாபர் மாமா நோன்பு திறந்ததும் தன் பங்கை விழுங்குவார். கூடவே பேரீச்சம்பழம், பாயசம், ரவைக் கேக். சில நாட்களில் தாகம் பிடித்துக்கொண்டது. கண் மங்கியது. ஒரு நாள் பிற்பகல் துறையில் உட்கார்ந்தபடியே உளற ஆரம்பித்தார். சைக்கிள் ரிக்‌ஷாவான சைக்காவில் போட்டு எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மழை அடித்துக்கொண்டிருந்தது. சைக்காவின் பின்னாலேயே அப்பா நடந்து வந்தார், நொண்டிக்கொண்டு.

ஜாபர் மாமாவின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தது நான்தான். கருவி எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது.

"என்ன சாப்பிட்டார்? வேறு மாத்திரை ஏதாவது எடுத்தாரா?" என்று டாக்டர் அவர் மனைவி மதீனா பீவியைக் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல சயாமா. பகல் முழுக்க நோன்பு. ராத்திரியானா குடம் குடமாத் தண்ணி குடிக்கிறாரு. மாத்திரையெல்லாம் ஒண்ணும் கிடையாது."

அப்பா வாசலில் நின்றிருந்தார். லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தனசேகரன் சித்தப்பா வாயைத் திறந்திருக்க மாட்டார். அப்பா உள்ளே வந்தார். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, அதிகாரி முன்னால் நிற்பது போல நின்று, பர்மிய மொழியில் சொன்னார்.

"நான் கொடுத்தேன், சயாமா. எங்க ரெண்டு பேர் மாத்திரையையும் கலந்து, மூணு பங்கு வெச்சேன்."

டாக்டர் குறிப்பேட்டைப் பிரித்தார். திட்டவில்லை. "எவ்வளவு நாளாக?"

"நீங்க கொடுத்த மறுநாளிலேருந்து."

டாக்டர் என் பக்கம் திரும்பி வேகமாகச் சொன்னார். இன்சுலின் இப்போதே தொடங்கலாம். ஆனால் உள்ளே போனது ஸ்டீராய்டு என்றால் சர்க்கரை லேசில் அடங்காது. இத்தனை நாள் எடுத்ததைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு தாங்காது. வெறும் மாத்திரை என்றால் வழி வேறு. எது என்று தெரிந்தாக வேண்டும். மிங்கலாடோனில் உறையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

தொலைபேசி கிடைக்கவில்லை. மழையில் இணைப்பு அறுந்து அறுந்து போனது. ஒருமுறை கிடைத்தபோது, பேராசிரியர் மடாலயத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறோம் என்றார்கள்.

நாங்கள் தாழ்வாரத்தில் காத்திருந்தோம். பெஞ்சு காலியாக இருந்தும் அப்பா சுவரோரம் நின்றார்.

"உக்காருங்கப்பா."

"வேணாம்."

தனசேகரன் சித்தப்பா முணுமுணுத்தார். "நான் அப்பவே வேணாம்னேன்."

"நீ எப்படா வேணாம்னே? சயாமா திட்டுவாங்கன்னுதானே சொன்னே?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேஸ்திரி."

மதீனா பீவி வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலே உயரவில்லை.

"அண்ணே, நல்லது நினைச்சுத்தான் கொடுத்தீங்க, தெரியும். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இத்தனை வருஷமா உங்க வீட்டுக்கு மீன்கொழம்பு கொடுத்தனுப்புறேன். இதுல இது இருக்கு, அது இருக்குன்னு ஜெயம்மாகிட்ட சொல்லித்தானே அனுப்புறேன்?"

"தப்பு, தங்கச்சி."

"தப்புதான்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உக்காருங்க. நீங்க இப்படி நின்னா எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றார். அப்பா பெஞ்சின் ஓரத்தில், ஒரு பக்கமாக உட்கார்ந்தார்.

உள்ளே ஜாபர் மாமா உளறுவது அவ்வப்போது கேட்டது. எதையோ எண்ணிக்கொண்டிருந்தார், மூட்டை என்று நினைக்கிறேன். அப்பா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனிதர் எழவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இடுப்பு சரியானாலும் எழமாட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. டாக்டர் பேசியது சுவர் வழியாகக் கேட்டது. இரண்டு எண்களைச் சொன்னார், திரும்பச் சொன்னார். பிறகு வெளியே வந்தார்.

"இரண்டும் வெறும் மாத்திரை."

அப்பா விழித்தார்.

"ஊ கருப்பையா, உங்கள் குப்பியிலும் மருந்து இல்லை. கோ தனசேகரன் குப்பியிலும் மருந்து இல்லை. குலுக்கலில் இருவருக்கும் அப்படி விழுந்திருக்கிறது. நீங்கள் பங்கு வைத்தது மாவு."

"மாவு சர்க்கரையை ஏத்தாதா?"

"அந்த அளவு மாவு ஏற்றாது. அவருக்கு இருந்த சர்க்கரைக்கு மருந்தே எடுக்காததால் வந்தது இது. கூட நோன்பும் இனிப்பும். இனி என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பவானி, தமிழ்ல சொல்லு."

பர்மிய மொழி என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"மாவுப்பா. வெறும் மாவு."

அவர் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். மதீனா பீவி, "யா அல்லா" என்று சொல்லிக்கொண்டே அவர் தலையைத் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து தனசேகரன் சித்தப்பா திடீரென்று கத்தினார்.

"மேஸ்திரி! கால மடக்கிட்டீங்க!"

பார்த்தோம். அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பு மேடையில் தட்டை வைத்துச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அவரே குனிந்து தன் முழங்காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"மாவுக்கே இந்தச் சக்தியா?" என்றார் தனசேகரன் சித்தப்பா. "அப்போ எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல? மாவுலகூட ஓரவஞ்சனையா?"

மதீனா பீவிதான் முதலில் சிரித்தார்.

ஜாபர் மாமா அன்றே தெளியவில்லை. இரண்டு நாள் ஆயிற்று, எங்களை அடையாளம் தெரிய. அப்பா அந்த இரண்டு நாளும் கட்டிலுக்கு அடியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கண் விழித்தவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "பொய். எனக்கு ரெண்டாம் நாளே வலி போச்சு. மருந்துதான் அது. சயாமா எதையோ மறைக்கிறாங்க" என்றார். இன்று வரை அதையே சொல்கிறார்.

டாக்டர் அடுத்த வாரம் நிதானமாகத் திட்டினார். இருவரையும் ஆய்விலிருந்து நீக்கினார். திட்டி முடித்துவிட்டு, "ஒரே கேங்கில் இரண்டு பேரை எடுத்தது என் பிழையும்தான்" என்றார். அதன் பிறகு ஒரு கேங்குக்கு ஒருவர் மட்டும்; மாத்திரையைக் கையில் கொடுப்பதில்லை, தாதி ஒருத்தி துறைக்கே வந்து விழுங்கவைத்துவிட்டுப் போனாள். மற்ற கேங்குகளுக்குப் போய் இதை எடுத்துச் சொன்னவர் அப்பாதான். "இதை மட்டும் பொதுவுல போடாதீங்க. போட்டா எவனுக்கும் எதுவும் தெரியாமப் போயிரும். நான் போட்டேன், பாய் தண்ணி வண்டி மாதிரி ஆயிட்டான்" என்பார். அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் பலர்.

2008இல் புயல் அடித்ததில் ஆய்வுக்கு வந்தவர்கள் சிதறிப்போனார்கள். அகப்பட்டவர்களை வைத்துக்கொண்டு டாக்டர் கணக்கை முடித்தார். முடிவைச் சொல்ல எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"சயாமா, மருந்து ஜெயிச்சுதா, மாவு ஜெயிச்சுதா?"

"நடப்பது, குனிவது, வேலை செய்வது, இதில் மருந்து எடுத்தவர்கள் கொஞ்சம் முன்னால். வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் பலர் எழுந்துவிட்டார்கள், உங்களைப் போல. எங்கள் ஆட்கள் குறைவு. உறுதியாகச் சொல்ல முடியாது."

"இதுக்கா இவ்வளவு பாடு?"

"இதுக்குத்தான்."

டாக்டர் போன பிறகு அப்பா அம்மாவிடம், "தெரியலைன்னு வாயால சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்கறேன்" என்றார். அது பாராட்டு. அம்மா, "உங்களுக்கு அகப்பட்டதே அப்படி ஒரு டாக்டர்" என்றாள். அது பாராட்டா, கேலியா என்று எனக்குத் தெரியாது.

அப்பா மறுபடி மூட்டை சுமக்கவில்லை. பலகையின் அடியில் நின்று ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டார். வலி எப்போதாவது எட்டிப் பார்க்கும், போய்விடும். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எந்தக் கப்பல் வந்தாலும் ஜாபர் மாமாவை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்துவிடுவார். "அன்னிக்கு ஒரு திங்கட்கிழமை தப்பவிட்டோம்" என்பார். தப்பவிட்டது பாய் என்று சொல்ல மாட்டார். விட்டோம் என்றுதான் சொல்வார். நான் விரலில் குத்துவதை இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். எண் குறைவாக இருந்தால் எதிரே உள்ள கடையில் மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், மொஹிங்கா. அதிகமாக இருந்தால் ஜாபர் மாமாவுக்கு வெறும் டீ. அப்பாவும் அன்று மொஹிங்கா சாப்பிட மாட்டார்.

சாவு வீட்டுக்கு ஜாபர் மாமா மதீனா பீவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். யேவே மயானம் வரைக்கும் வண்டியில் வந்தார். அழவில்லை. "மேஸ்திரி படுக்காமப் போயிட்டாரு, பார்த்தியா?" என்று என்னிடம் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருந்தது, அதே நினைப்பு இன்னொருவருக்கும் வந்ததில்.

சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. அவர் வீடு நான்காம் மாடியில். படிக்கட்டு செங்குத்து; பிடிக்கக் கம்பி கிடையாது; பகலிலும் இருட்டு. அதனால் அப்பா இந்தத் தை மாதத்திலிருந்து, கப்பல் இல்லாத நாட்களில், துறையிலிருந்து தென்னங்கயிறு கொண்டுபோய்ச் சுவரோரமாகக் கட்டிக்கொண்டு வந்தார். பிடித்துக்கொண்டு ஏற வசதியாக, கைக்கு வருகிற உயரத்தில். எந்த மாடி என்று விரலுக்குத் தெரிவதற்காக முதல் மாடி வாசலில் ஒரு முடிச்சு, இரண்டாம் மாடியில் இரண்டு, மூன்றாம் மாடியில் மூன்று.

மீதிக் கயிறு மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறது. அதற்கு மேல் இன்னும் கட்டவில்லை.